ஊனோவிலிருந்து இஎஸ்பி32-க்கு: தண்ணீர்த் தொட்டிக் கட்டுப்பாட்டுச் சுற்றை இடம் மாற்றும் முறை

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் நன்றாக இயங்கிவரும் ஒரு சுற்றை, வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 போன்ற புதிய போர்டுக்கு மாற்ற நினைப்பவர் பெரும்பாலும் முதலில் நிரலைத்தான் திறக்கிறார். ஐடிஇ என்ற நிரல் எழுதும் மென்பொருளில் போர்டின் பெயரை மாற்றி, கம்பைல் செய்து, வரும் பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்த பிறகு, பழைய வயர்களை அப்படியே புதிய போர்டின் பின்களில் செருகுகிறார். இந்த வரிசையில் வேலை செய்தால் போர்டு பழுதாகவும், அதைவிடத் தொல்லையாக, சுற்று பாதி நேரம் சரியாகவும் பாதி நேரம் தவறாகவும் நடக்கவும் வாய்ப்பு அதிகம். மின்சுற்றை முதலிலும் நிரலை அடுத்தும் மாற்றி, இரண்டு போர்டுகளையும் சில நாட்கள் ஒன்றாக ஓடவிட்ட பிறகே பழையதைக் கழற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டி செல்கிறது.

எடுத்துக்காட்டாக, பலர் வீட்டில் செய்து வைத்திருக்கும் ஒரு சுற்றையே எடுத்துக்கொள்வோம். மாடியில் உள்ள தொட்டியின் மூடியில் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், கீழே உள்ள நிலத்தொட்டியில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், மோட்டார் தண்ணீரின்றி ஓடுகிறதா என்று அறிய 20 ஆம்பியர் ஏசிஎஸ்712 மின்னோட்ட சென்சார், ஐ2சி (இரண்டு கோடுகளில் தரவு செல்லும்) இணைப்புள்ள 16 எழுத்து, 2 வரி எல்சிடி திரை, ஒரு பஸர், ஒரு பொத்தான், மோட்டாரை இயக்கும் 5 வோல்ட் ரிலே மாட்யூல். சென்சாரின் உயரம், மோட்டார் ஓடத் தொடங்க வேண்டிய மட்டம், நிற்க வேண்டிய மட்டம் ஆகிய மூன்று எண்களும் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமிக்கப்பட்டுள்ளன. தொட்டியின் மட்டத்தைக் கைபேசியில் பார்க்க வேண்டும் என்பதே மாற்றத்துக்கான காரணம்.

மாற்றத்தான் வேண்டுமா

ஊனோ ஆர்3-யில் உள்ள ஏடிமெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8 பிட் சில்லு. அதில் நிரலுக்கு 32 கிலோபைட், மாறிகளுக்கு 2 கிலோபைட், ஈஈப்ராமாக 1 கிலோபைட் நினைவகம் உண்டு. அந்த 2 கிலோபைட் போதவில்லை என்பது மட்டுமே உங்கள் குறை என்றால் இஎஸ்பி32-க்குப் போகத் தேவையில்லை. 2023-இல் வெளிவந்த ஊனோ ஆர்4 மினிமா அதே வடிவத்திலும் அதே 5 வோல்ட் நிலையிலும் 32 கிலோபைட் ரேம், 256 கிலோபைட் ஃபிளாஷ் ஆகியவற்றைத் தருகிறது. வயர்களில் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆர்3-யின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் வரை எடுப்பது வழக்கம். ஆர்4-இல் அந்த எல்லை 8 மில்லிஆம்பியர்தான். எல்இடியையோ பஸரையோ பின்னிலிருந்து நேரடியாக இயக்கியிருந்தால் ரெசிஸ்டர் மதிப்பை உயர்த்த வேண்டும், அல்லது டிரான்சிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

வைஃபை வேண்டும் என்பவருக்கு இஎஸ்பி32 பொருத்தமானது. 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரண்டு கோர்கள், 520 கிலோபைட் ரேம், வழக்கமான வ்ரூம்-32 மாட்யூலில் 4 மெகாபைட் ஃபிளாஷ் என்று வசதிகள் ஏராளம். ஆனால் அது 3.3 வோல்ட் சில்லு. இந்த வழிகாட்டியில் வரும் வேலைகளில் பெரும்பகுதி அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

5 வோல்ட் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுதல்

சுற்றைக் கழற்றுவதற்கு முன், பழைய போர்டின் ஒவ்வொரு பின்னிலும் எது இணைந்துள்ளது, சிக்னல் எந்தத் திசையில் செல்கிறது, அதன் உச்ச மின்னழுத்தம் எவ்வளவு என்பதை மல்டிமீட்டரால் அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். வரைபடத்தில் இல்லாத ரெசிஸ்டர்கள் பழைய சுற்றுகளில் இருக்கத்தான் செய்கின்றன. போர்டை நோக்கி 5 வோல்ட் வரும் ஒவ்வொரு கோடும் ஆபத்தானது. போர்டிலிருந்து வெளியே போகும் கோடுகளில், எதிர்முனையில் உள்ள பொருள் 3.3 வோல்ட்டை “ஒன்று” என்று ஏற்குமா என்பதே கேள்வி.

அல்ட்ராசோனிக் சென்சாரில் அளவைத் தொடங்கவைக்கும் ட்ரிக் பின் 3.3 வோல்ட்டை ஏற்றுக்கொள்கிறது. விடையைத் தரும் எக்கோ பின் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். இஎஸ்பி32-இன் பின்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எக்கோவுக்கும் போர்டுக்கும் இடையில் 10 கிலோஓம், போர்டு பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களை வைத்தால் 5 வோல்ட் 3.33 வோல்ட்டாகக் குறைந்துவிடும். 20 கிலோஓம் கையில் இல்லையென்றால் இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தால் போதும். 1 கிலோஓமும் 2 கிலோஓமும் வைத்தாலும் அதே விகிதம் கிடைக்கும் என்றாலும், பெரிய மதிப்புகளையே நான் பரிந்துரைக்கிறேன். புதிய போர்டுக்கு மின்சாரம் நின்றிருக்கும்போது சென்சார் மட்டும் இயங்கினால், எக்கோ கோடு வழியாகச் சில்லுக்குள் நுழையும் மின்னோட்டத்தை அவை மிகச் சிறியதாக வைத்திருக்கும்.

எல்சிடி திரையின் பின்பக்கம் உள்ள ஐ2சி பலகையில் பிசிஎஃப்8574 சில்லு இருக்கும். அதை 5 வோல்ட்டில் இயக்கும்போது, அந்தப் பலகையின் புல்-அப் ரெசிஸ்டர்கள் இரண்டு ஐ2சி கோடுகளையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கின்றன. அதோடு, அந்தச் சில்லு “ஒன்று” என்று ஏற்க வேண்டிய குறைந்த அளவு, வழங்கும் மின்னழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 3.5 வோல்ட். 3.3 வோல்ட் அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நேரடியாக இணைத்த பலருக்குத் திரை வேலை செய்வது உண்மைதான். ஆனால் குறித்த எல்லைக்குக் கீழே நின்று வேலை செய்வதை நம்பி ஒரு கருவியை மாடியில் பொருத்தக் கூடாது. பிஎஸ்எஸ்138 டிரான்சிஸ்டர்கள் கொண்ட நான்கு வழி லெவல் ஷிஃப்டர் பலகை விலை குறைந்தது. ஒரு பக்கம் 3.3 வோல்ட், மறுபக்கம் 5 வோல்ட், இடையில் இரண்டு கோடுகள் என்று இணைத்தால் இந்தச் சிக்கல் முழுமையாகத் தீர்ந்துவிடும்.

ஃப்ளோட் ஸ்விட்ச் எந்த மின்னழுத்தத்தையும் தானாகத் தருவதில்லை என்பதால் அதைச் சோதிக்காமல் விட்டுவிடுவது எளிது. நீண்ட வயருக்காகப் பழைய சுற்றில் யாராவது ஒரு 10 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்கு இணைத்திருந்தால், ஸ்விட்ச் திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த 5 வோல்ட் பின்னில் நிற்கும். ரெசிஸ்டரின் மேல்முனையைக் கழற்றி 3.3 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். உட்புறப் புல்-அப் மட்டும் போதும் என்று ரெசிஸ்டரையே எடுத்துவிட வேண்டாம். பல மீட்டர் நீளமுள்ள வயருக்கு அது வலுக்குறைவானது.

ஏசிஎஸ்712 சென்சார் சற்று விரிவாகப் பேச வேண்டிய ஒன்று. மின்னோட்டம் இல்லாதபோது அது வழங்கும் மின்னழுத்தத்தில் பாதியை, அதாவது ஏறத்தாழ 2.5 வோல்ட்டைத் தரும். 20 ஆம்பியர் வகையில் ஒவ்வொரு ஆம்பியருக்கும் 100 மில்லிவோல்ட் ஏறும் அல்லது இறங்கும். எக்கோவுக்குச் செய்தது போலவே 10, 20 கிலோஓம் ரெசிஸ்டர்களை இதற்கும் இட்டால் நடுநிலை 1.67 வோல்ட்டாகவும், ஆம்பியருக்கு ஏறத்தாழ 67 மில்லிவோல்ட்டாகவும் மாறும். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் அளவு நிதானப்படும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஊனோவின் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி), 5 வோல்ட் வழங்கலையே தன் அளவுகோலாக வைத்திருந்தது. அடாப்டர் 4.8 வோல்ட் தந்தால் சென்சாரின் நடுநிலையும் 2.4-க்கு இறங்கும், அளவுகோலும் அதே விகிதத்தில் இறங்கும். எனவே படிக்கும் எண் எப்போதும் 512-க்கு அருகிலேயே இருந்தது. இஎஸ்பி32-இன் ஏடிசி சில்லுக்குள் இருக்கும் தனி அளவுகோலைப் பயன்படுத்துகிறது. அடாப்டரின் ஏற்ற இறக்கம் இப்போது நேராக உங்கள் ஆம்பியர் கணக்கில் வந்து சேரும். எனவே நடுநிலையை நிரலில் நிலையான எண்ணாக எழுதாமல், ஒவ்வொரு முறையும் மோட்டார் தொடங்குவதற்குச் சற்று முன் அளந்து, அதிலிருந்து விலகலைக் கணக்கிட வேண்டும்.

ரிலே

பெரும்பாலான 5 வோல்ட் ரிலே மாட்யூல்கள், உள்ளீடு “சுழி” ஆகும்போது இயங்கும் வகை. 5 வோல்ட்டில் இயங்கும் மாட்யூலுக்கு 3.3 வோல்ட்டை “ஒன்று” என்று தந்தால், மாட்யூலின் அமைப்பைப் பொறுத்து, ரிலே முழுமையாக விடுபடாமல் போகலாம். மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிலே நிற்காமல் போவது இந்தச் சுற்றில் நடக்கக்கூடிய மிக மோசமான நிகழ்வு என்பதால், இதை வாய்ப்புக்கு விடக் கூடாது. ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் எடுங்கள். போர்டின் பின்னிலிருந்து 1 கிலோஓம் வழியாக அதன் பேஸ், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் மாட்யூலின் உள்ளீட்டுக்கு. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம். இனி பின் உயர்ந்தால் ரிலே இயங்கும், பின் தாழ்ந்தால் அல்லது எதுவும் செய்யாமல் தொங்கினால் ரிலே அணைந்திருக்கும். நிரலில் உயர்வும் தாழ்வும் இடம் மாற வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மாட்யூலில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும், 1 குதிரைத்திறன் மோட்டாரை அந்த ரிலேயால் நேரடியாக இயக்கக் கூடாது. ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை மோட்டார் தொடங்கும் கணத்தில் இழுக்கும்; அந்த நிலையில் ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் எந்த நிரலாலும் அதை நிறுத்த முடியாது. 230 வோல்ட் காயில் உள்ள கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்துக்கான ரிலே) ஒன்றை வைத்து, அதன் காயிலை மட்டும் ரிலே இயக்கட்டும். பழைய சுற்றில் இது இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்துச் செய்துவிடுங்கள். 230 வோல்ட் பகுதியை மின்பணியாளரிடம் விடுவதே முறை. இரண்டு போர்டுகளையும் ஒன்றாக ஓடவிடும் நாட்களைத் தவிர, இனி வரும் சோதனைகள் அனைத்திலும் மோட்டாரின் மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும். ரிலேயின் எல்இடி எரிகிறதா என்று பார்ப்பதே போதுமானது.

பின்களை ஒதுக்குதல்

ஊனோவில் 0, 1 நீங்கலாக எந்தப் பின்னையும் ஏறத்தாழ எதற்கும் பயன்படுத்தலாம். இஎஸ்பி32-இல் அந்தச் சுதந்திரம் இல்லை. 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகத்துக்குச் சொந்தமானவை, தொடவே கூடாது. 34, 35, 36, 39 ஆகியவை உள்ளீட்டுக்கு மட்டும், அவற்றில் உட்புறப் புல்-அப் கிடையாது. 0, 2, 5, 12, 15 ஆகிய ஐந்தும் போர்டு துவங்கும் கணத்தில் எந்த நிலையில் உள்ளன என்பதைச் சில்லு படிக்கிறது. குறிப்பாக 12-ஆம் பின் அந்தக் கணத்தில் உயர்ந்திருந்தால், ஃபிளாஷுக்குத் தவறான மின்னழுத்தம் தேர்வாகி, வழக்கமான மாட்யூல்கள் துவங்கவே மாட்டா. மேசையில் நன்றாக ஓடிய சுற்று, மின்தடை நீங்கித் திரும்பும்போது மட்டும் உயிர்பெறவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஐந்தையே. 5, 14, 15 போன்ற சில பின்கள் துவங்கும்போது சிறிது நேரம் தாமாகவே சிக்னல் வெளியிடுகின்றன. அவற்றில் ரிலேயை வைத்தால் மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் கான்டாக்டர் ஒருமுறை துடிக்கும்.

அனலாக் உள்ளீட்டுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. சில்லில் இரண்டு ஏடிசி அலகுகள் இருந்தாலும், வைஃபை ஓடும்போது இரண்டாவதை நம்பிப் பயன்படுத்த முடியாது. எனவே அனலாக் சென்சார்களை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் மட்டும் இணையுங்கள். வைஃபை இல்லாமல் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கடைசியில் வைஃபை சேர்த்தவுடன் மின்னோட்ட அளவு பாழாவதைக் கண்டு நிரலில் பிழை தேடுபவர்கள் பலர்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால் நம் சுற்றுக்குக் கீழ்க்கண்ட ஒதுக்கீடு பொருந்தும்:

ட்ரிக்: ஊனோவில் 9, இஎஸ்பி32-இல் 18
எக்கோ: 10 இருந்த இடத்தில் 19, ரெசிஸ்டர்கள் வழியாக
எல்சிடியின் இரண்டு ஐ2சி கோடுகளான எஸ்டிஏ, எஸ்சிஎல்: ஏ4, ஏ5 இருந்த இடத்தில் 21, 22, லெவல் ஷிஃப்டர் வழியாக
ரிலே: 7 இருந்த இடத்தில் 26, டிரான்சிஸ்டர் வழியாக
பஸர்: 8 இருந்த இடத்தில் 27
ஃப்ளோட் ஸ்விட்ச்: 4 இருந்த இடத்தில் 32
பொத்தான்: 2 இருந்த இடத்தில் 33
மின்னோட்ட சென்சார்: ஏ0 இருந்த இடத்தில் 34, ரெசிஸ்டர்கள் வழியாக

இந்த எண்கள் முதல் தலைமுறை இஎஸ்பி32-க்கு உரியவை. எஸ்3, சி3 போன்ற வகைகளில் பின்களின் கட்டுப்பாடுகள் வேறு. வாங்கும்போது மாட்யூலின் உலோக மூடியில் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்துவிடுங்கள்.

மின்வழங்கல்

ஊனோவுக்கு 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்துப் பழகியவர்கள் அதையே புதிய போர்டின் விஐஎன் (மின்நுழைவு) பின்னில் கொடுத்துவிடுகிறார்கள். வைஃபை அனுப்பும்போது சில்லு 240 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 12 வோல்ட்டிலிருந்து 3.3-க்குக் குறைக்கும் சிறிய ரெகுலேட்டரில் அப்போது 2 வாட்டுக்கு மேல் வெப்பமாகச் செலவாகும். அந்தச் சிறு பாகத்தால் அதைத் தாங்க முடியாது. நல்ல 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். ரிலேயும் எல்சிடியும் சென்சார்களும் அடாப்டரின் 5 வோல்ட்டிலிருந்து நேரடியாக எடுக்கட்டும்; போர்டின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து புல்-அப் ரெசிஸ்டருக்கும் லெவல் ஷிஃப்டருக்கும் தவிர வேறெதற்கும் எடுக்க வேண்டாம். போர்டின் 5 வோல்ட் நுழைவுக்கு அருகில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் வைஃபை தொடங்கும் கணத்தின் சரிவு தணியும்.

நிரல்: கம்பைலர் சொல்வதும் சொல்லாததும்

போர்ட்ஸ் மேனேஜர் வழியாக எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி32 தொகுப்பை நிறுவி, இஎஸ்பி32 டெவ் மாட்யூலைத் தேர்ந்து கம்பைல் செய்யுங்கள். போர்ட்பி, டிசிசிஆர்1ஏ போன்ற ஏவிஆர் (ஊனோ சில்லின் குடும்பம்) ரெஜிஸ்டர்களை நேரடியாகத் தொட்ட வரிகளும், டைமர்ஒன் போன்ற லைப்ரரிகளும், ஏவிஆர் பெயரில் தொடங்கும் வாட்ச்டாக், ஸ்லீப் கோப்புகளும் உடனே பிழையாகத் தெரியும். இவற்றை மாற்றி எழுத நேரம் பிடித்தாலும் ஆபத்தில்லை. எங்கே பிழை என்று வரி எண்ணோடு தெரிகிறது. ஐ2சி எல்சிடி லைப்ரரி ஏவிஆருக்கு மட்டும் என்று வரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம், அது இங்கும் வேலை செய்யும். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் பிடபிள்யூஎம் (துடிப்பு அகலக் கட்டுப்பாடு) வரிகள் கம்பைல் ஆகவில்லை என்றால், 2024-இல் வந்த 3.0 பதிப்பில் அந்தக் கட்டளைகள் மாறியதே காரணம்: எல்இடிசி-செட்அப், எல்இடிசி-அட்டாச்பின் என்ற இரண்டுக்கும் பதில் எல்இடிசி-அட்டாச் என்ற ஒன்றே இப்போது உண்டு.

கம்பைலர் எதுவும் சொல்லாமல் விடும் மாற்றங்களே நம் உழைப்பைக் கேட்கின்றன. அவற்றில் முதன்மையானது இன்ட் என்ற எண் வகையின் அளவு. ஊனோவில் அது 2 பைட், 32767 வரை மட்டும். இஎஸ்பி32-இல் 4 பைட். பெரிதாவதில் என்ன தீங்கு என்று தோன்றும். எதிரொலி கிடைக்காதபோது ஹெச்சி-எஸ்ஆர்04 ஏறத்தாழ 38 மில்லிவினாடி நீளமுள்ள துடிப்பைத் தரும். துடிப்பின் நீளத்தை மைக்ரோவினாடியில் அளக்கும் பல்ஸ்இன் கட்டளை அதை 38000 என்று திருப்பும். அதை இன்ட் மாறியில் வைத்திருந்தால் ஊனோவில் எண் வழிந்து எதிர்ம எண்ணாக மாறியிருக்கும். “தூரம் சுழிக்குக் கீழ் என்றால் பிழை” என்ற வரி அதைப் பிடித்திருக்கும். புதிய போர்டில் அதே 38000, 58-ஆல் வகுக்கப்பட்டு 655 சென்டிமீட்டர் என்ற நேர்ம எண்ணாக நிற்கும். சென்சாருக்கும் தண்ணீருக்கும் இடையே ஆறரை மீட்டர் என்றால் தொட்டி காலி என்று பொருள். நிரல் மோட்டாரைப் போடும், தொட்டி நிரம்பி வழியும். ஒரு வரிகூட மாறாமல் நிரலின் நடத்தை இப்படித் தலைகீழாக மாற முடியும்.

எனவே நிரலில் உள்ள ஒவ்வொரு இன்ட், அன்சைன்ட் இன்ட், லாங் ஆகியவற்றையும் தேடி, அவற்றின் அகலத்தை வெளிப்படையாகச் சொல்லும் இன்ட்16_டி, யுஇன்ட்32_டி போன்ற வகைகளால் மாற்றுங்கள். மில்லிஸ் (போர்டு துவங்கியதிலிருந்து கழிந்த மில்லிவினாடிகள்) மதிப்புகள் எல்லாம் 32 பிட் வகையில் இருக்கட்டும். சென்சாரின் முடிவை, தொட்டியில் உண்மையிலேயே சாத்தியமான எல்லைக்குள் இருக்கிறதா என்று இரு பக்கமும் சோதியுங்கள். எல்லைக்கு வெளியே உள்ள எதையும் பிழையாகக் கருதி மோட்டாரை நிறுத்துங்கள். பல்ஸ்இன்னுக்கு 30000 மைக்ரோவினாடி என்ற காலவரம்பையும் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் காத்திருக்க இந்தச் சுற்றில் காரணமில்லை.

ஈஈப்ராமும் இதே வேரிலிருந்து வரும் இன்னொரு சிக்கல். மூன்று இன்ட் எண்களை 0, 2, 4 ஆகிய முகவரிகளில் சேமித்த பழைய நிரல், புதிய போர்டில் ஒவ்வொன்றையும் 4 பைட்டாக எழுதும். இரண்டாவது எண் முதல் எண்ணின் பாதியை அழித்துவிடும். அதோடு இஎஸ்பி32-இல் உண்மையான ஈஈப்ராம் இல்லை. ஃபிளாஷில் ஒரு பகுதியே அந்தப் பெயரில் நடிக்கிறது. தொடக்கத்தில் பிகினும், எழுதிய பிறகு கமிட்டும் அழைக்காவிட்டால் எழுதியது எதுவும் மின்சாரம் போனபின் மிஞ்சாது. பழைய முறையைச் சரிசெய்வதைவிட ப்ரிஃபரன்ஸஸ் லைப்ரரிக்கு மாறுவதே நல்லது. அதில் முகவரிகள் கிடையாது. ஒவ்வொரு மதிப்புக்கும் 15 எழுத்துக்கு மிகாத ஒரு பெயர், மதிப்பு இல்லாதபோது எடுத்துக்கொள்ள ஓர் இயல்பு எண், அவ்வளவுதான். பழைய போர்டில் உள்ள மூன்று எண்களையும் சீரியல் மானிட்டரில் அச்சிட்டுத் தாளில் குறித்துக்கொண்டு, அவற்றையே இயல்பு எண்களாக எழுதுங்கள்.

அனலாக்ரீட் இப்போது 1023-க்குப் பதில் 4095 வரை செல்லும் என்பதால், பழைய வரம்பு எண்களை நான்கால் பெருக்கினால் போதும் என்று நினைக்கலாம். போதாது. இந்த ஏடிசி இரு முனைகளிலும் நேர்கோட்டில் இல்லை. சுழிக்கு அருகிலும் உச்சத்துக்கு அருகிலும் வளைகிறது. அனலாக்ரீட்மில்லிவோல்ட்ஸ் என்ற கட்டளை, ஒவ்வொரு சில்லிலும் பதிந்துள்ள திருத்தத்தைப் பயன்படுத்தி மில்லிவோல்ட்டாகவே தரும். எல்லாக் கணக்கையும் அதில் மாற்றி எழுதுங்கள். நம் சென்சாரின் நடுநிலை 1.67 வோல்ட், மோட்டார் 5 ஆம்பியரில் ஓடும்போது அலையின் உச்சம் இருபுறமும் ஏறத்தாழ அரை வோல்ட். ஆக அளவு முழுவதும் ஏடிசி நம்பகமாக உள்ள நடுப்பகுதியிலேயே அமைகிறது.

பொத்தானுக்கு இன்டரப்ட் (நிரலை இடைநிறுத்தி உடனே ஓடும் ஃபங்ஷன்) பயன்படுத்தியிருந்தால் அந்த ஃபங்ஷனின் முன் ஐராம்_அட்ரிப்யூட் என்ற குறியை (ஐடிஇ-யில் ஐராம், அடிக்கோடு, ஏடிடிஆர்) சேர்க்க வேண்டும். உள்ளே கொடி (பொத்தான் அழுத்தப்பட்டதைக் குறிக்கும் மாறி) ஒன்றை உயர்த்துவதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம். வெற்று ஃபார் சுழலால் காத்திருக்கும் வரிகள் இருந்தால், அவை இப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மில்லிஸ் கணக்குக்கு மாற்றுங்கள்.

இரண்டு போர்டுகளும் ஒன்றாக ஓடும் நாட்கள்

இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மோட்டாரின் கட்டுப்பாடு ஊனோவிடமே இருக்கட்டும். புதிய போர்டுக்குத் தனி 5 வோல்ட் வழங்கல் கொடுத்து, இரண்டின் கிரவுண்டை மட்டும் இணையுங்கள். இரு 5 வோல்ட் கோடுகளையும் ஒன்றாக்க வேண்டாம். ஊனோ அனுப்பும் ட்ரிக்கால் எழும் எக்கோவை, ரெசிஸ்டர்கள் வழியாக இஎஸ்பி32-உம் கேட்கட்டும். அதன் ட்ரிக் பின்னை இணைக்காமல் விடுங்கள். மின்னோட்ட சென்சாரின் வெளியீட்டையும் அவ்வாறே பகிரலாம். ஃப்ளோட் ஸ்விட்சுக்கு மட்டும் ரெசிஸ்டர்களை இணைத்தால் பழைய போர்டின் புல்-அப் மின்னழுத்தம் சரிந்து ஊனோ தவறாகப் படிக்கக்கூடும். அதற்குப் பதில் ஒரு 1என்4148 டயோடை, கேதோடு ஸ்விட்ச் கோட்டிலும் ஆனோடு இஎஸ்பி32-இன் பின்னிலுமாக இணைத்து, அந்தப் பின்னின் உட்புறப் புல்-அப்பை இயக்குங்கள். எல்சிடி திரை பழைய போர்டோடே இருக்கட்டும். புதியது சீரியலில் எழுதினால் போதும். ரிலேயின் இடத்தில், 26-ஆம் பின்னில், 1 கிலோஓமோடு ஓர் எல்இடி.

இப்போது இரண்டும் ஒரே தண்ணீரைப் பார்க்கின்றன. ஊனோ ரிலேயைப் போடும் நேரத்தில் எல்இடியும் எரிய வேண்டும், அணையும் நேரத்தில் அணைய வேண்டும். தொட்டி பலமுறை நிரம்பிக் காலியாகும் வரை கவனியுங்கள். இடையில் ஃப்ளோட் ஸ்விட்சைக் கையால் தூக்கியும், எக்கோ வயரைக் கழற்றியும், புதிய போர்டின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டும் பாருங்கள். வேறுபாடு ஒன்று தென்பட்டால், எந்தப் போர்டு சரி என்று முன்முடிவு செய்யாதீர்கள். டேப்பை எடுத்துத் தண்ணீரின் மட்டத்தை அளந்து பாருங்கள். பழைய நிரலில் இருந்த பிழை இந்தச் சோதனையில் வெளிப்படுவதும் உண்டு.

வைஃபை கடைசியில்

கட்டுப்பாட்டுப் பகுதி முழுவதும் சரியாக ஓடிய பிறகே வைஃபையைச் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டு நிரல்களில், இணைப்பு கிடைக்கும் வரை ஒரு வைல் சுழலில் காத்திருப்பார்கள். நம் சுற்றில் அதை எழுதினால், மின்தடைக்குப் பின் ரவுட்டர் உயிர்பெறும் வரை தொட்டியைக் கவனிக்க யாரும் இல்லை. ரவுட்டர் பழுதானால் வீட்டுக்குத் தண்ணீரே இல்லை. செட்அப்பில் வைஃபை.பிகின் ஒருமுறை அழைத்துவிட்டு உடனே மேலே செல்லுங்கள். லூப்பில் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டத்தைக் காட்டும் பக்கத்தைக் கொடுங்கள், இல்லையென்றால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் முயலுங்கள். மோட்டாரைப் பற்றிய எந்த முடிவும் வைஃபையைச் சார்ந்திருக்கக் கூடாது.

இந்தச் சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்தால் எவ்வளவு நேரம் காத்தாலும் இணையாது. உலோகப் பெட்டிக்குள் வைத்தால் அலைகள் வெளியே வராது என்பதால் பிளாஸ்டிக் பெட்டியைப் பயன்படுத்தி, ஆன்டெனா உள்ள முனையை ரிலேயிலிருந்தும் 230 வோல்ட் வயர்களிலிருந்தும் விலக்கி வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஊனோவைக் கழற்றி, ட்ரிக், எல்சிடி, ரிலே மூன்றையும் புதிய போர்டுக்கு மாற்றுங்கள். ஃப்ளோட் ஸ்விட்சின் டயோடை எடுத்துவிட்டு, 3.3 வோல்ட்டுக்கு மாற்றிய 10 கிலோஓம் புல்-அப்போடு அதை நேரடியாக இணையுங்கள். போர்டு எதனால் மறுதுவக்கம் ஆனது என்பதை இஎஸ்பி_ரீசெட்_ரீசன் என்ற கட்டளை சொல்லும். அதன் விடையையும் மில்லிஸ் மதிப்பையும் மட்டம் காட்டும் பக்கத்தின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். முதல் சில வாரங்களுக்கு அந்த வரியைப் பார்த்துவாருங்கள். பிரவுன்அவுட் (மின்னழுத்தச் சரிவு) என்று வந்தால் அடாப்டரையும் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும், கான்டாக்டர் போடும் நேரத்தோடு ஒத்து வந்தால் அதன் காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் (மின்துடிப்பைத் தணிக்கும் ரெசிஸ்டர்-மின்தேக்கி இணை) இருக்கிறதா என்பதையும், பேனிக் (நிரல் முறிவு) என்று வந்தால் இன்டரப்ட் ஃபங்ஷனையும் அணிகளின் (அரே) எல்லைகளையும் சோதியுங்கள்.